வரப்பு போட்ட மைதானம்

தூசியைப் பற்றிப் புகார் சொல்லத்தான் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரும் பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டுச் சுவரும் ஒன்றுதான். சாயங்காலம் நாலரைக்கு மேல் அந்தப் பக்கம் பிள்ளைகள் கால்பந்து ஆடத் தொடங்கினால், இந்தப் பக்கம் நாங்கள் ஒன்பது ஜன்னல்களையும் அடைத்தாக வேண்டும். அடைத்தாலும் தூசி வரும். சாப்பாட்டு மேசை மேல் விரலால் இழுத்தால் கோடு விழும். கொடியில் காயும் வேட்டி, எடுக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும். ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நாலு வருஷம் போல்ட்டும் பேரிங்கும் எண்ணிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குச் சரக்கு இல்லை. ஆகவே தெருவில் நிற்கும் வண்டிகள், மின்கம்பத்தில் உட்காரும் காக்கைகள், எங்கள் மாடியில் வந்து விழும் பந்துகள் என்று கண்ணில் படுவதை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று குறைந்துபோய்விடும் என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்துக்கு மருந்து இருப்பதாகத் தெரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் போனேன். என்னை விளையாட்டு ஆசிரியையிடம் அனுப்பினார்கள். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கழுத்தில் விசில், காலில் சாக்ஸ் இல்லாத ஷூ. நான் சொன்னதை முழுதும் கேட்டாள். பிறகு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, முழங்காலைக் காட்டச் சொன்னாள். தோல் வழண்டு, பழைய காயத்தின் மேல் புதுக் காயம் இருந்தது.

“சார், உங்க வீட்டுக்கு வாரது தூசி. இதுக முட்டிக்கு வாரது சரளை. ரெண்டும் ஒரே மண்ணுதான். புல்லு போட்டா ரெண்டும் நின்னுபோகும்.”

“போட வேண்டியதுதானேம்மா?”

“யாரு போடுறது? நீங்க போட்டுத் தாரீகளா?”

குத்தலாகத்தான் கேட்டாள். ஆனால் அதற்கடுத்து அவள் சொன்னதைக் கேட்ட பிறகு வீட்டுக்குத் திரும்பி ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஏழு வேன்கள். ஏழும் ரோட்டில் நிற்கின்றன, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று புகார்மேல் புகார். மைதானம் முழுக்க பேவர் கல் பதித்து வேன்களை உள்ளே நிறுத்திவிடலாம் என்பது தாளாளரின் எண்ணம். அவளுடைய அணியில் பதினெட்டுப் பெண்கள். பாதிப்பேருடைய வீடுகளில், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆடுவதால்தான் அனுப்புகிறார்கள். வெளியே எங்கோ பெரிய மைதானத்துக்குப் போய் ஆடு என்றால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். மைதானம் போனால் அணியும் போகும். அவள் தாளாளரிடம் மன்றாடி ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். பொங்கலுக்குப் பிறகு நடக்கும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியை நம் மைதானத்தில் நடத்திக் காட்டினால் மைதானம் மைதானமாகவே இருக்கும். நடத்த முடியாவிட்டால் கல் பதிக்கப்படும். போட்டி நடத்துகிறவர்களோ, சரளை மண்ணில் நடத்த மாட்டோம், புல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“ஏழு மாசம் இருக்கு சார்,” என்றாள்.

ஏழு மாசத்துக்குள் மண்ணில் ஒன்றை வளர்க்க வேண்டும் என்றதும் எனக்கு என் சம்பந்தியின் ஞாபகம் வந்தது.

என் மகளைக் கொடுத்த இடம் சோழவந்தான். சம்பந்திக்கு அங்கே நெல் வயலும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. உரத்த குரல், பெரிய மீசை, மண் சம்பந்தப்பட்ட எதிலும் தான் சொல்வதுதான் முடிவு என்ற நினைப்பு. கல்யாணத்தில் பந்தி போட்டது முதல் பேரனுக்கு மொட்டை போட்டது வரை நாங்கள் இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் போன் செய்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மைதானத்தின் நடுவில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினார். அள்ளியதில் பாதி பறந்தது, மீதி கல்லாக நின்றது.

“எருக்கஞ்செடியே இதுல யோசிச்சுத்தான் முளைக்கும் சம்மந்தி,” என்றார். “ஆனா கவலைப்படாதீக. எங்க பக்கம் கண்மாயில வண்டல் அள்ளுறாக. நாலு விரக்கடை வண்டல் போட்டுட்டம்னா புல்லு என்ன, கரும்பே வரும்.”

“கரும்பு வேண்டாம்ய்யா, புல்லு போதும்,” என்றாள் டீச்சர்.

வண்டல் வந்தது. இருபத்தெட்டு டிப்பர். ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது நான் கேட்டருகில் நின்று எண்ணினேன். பழைய மாணவர்களும் பெற்றோர்களும் ஆளுக்கொரு உதவி செய்தார்கள். ஒருவர் டிராக்டர் அனுப்பினார், ஒருவர் ஓட்டுநரை அனுப்பினார், ஒருவர் மூன்று வேளையும் டீ அனுப்பினார். சம்பந்தி டிராக்டரில் ஏறி நின்றுகொண்டு ஓட்டுநருக்கு வழி சொல்லி, உழுது, தண்ணீர் பாய்ச்சி, பரம்படித்தார். நடவுக்கு முன்னால் நெல் வயலில் செய்வது போலவே, சேறு கண்ணாடி மாதிரி ஆகும்வரை அடித்தார்.

மட்டம் பார்ப்பது என் பொறுப்பு. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப்பை வாங்கி வந்து, முப்பத்தைந்து இடத்தில் முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ட்யூப்பின் ஒரு முனையை டீச்சர் பிடிப்பாள், மறுமுனையை நான். மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போட்டு, மறுபடி பார்த்து, மறுபடி சீவி, கடைசியில் முப்பத்தைந்து குச்சிகளுக்கும் இடையில் ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. அறுபது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய இடத்தில் அப்படி ஒரு மட்டத்தை நான் கண்டதில்லை. சம்பந்தி என் தோளில் தட்டினார். எங்கள் உறவில் அது முதல் தடவை.

“என் வயலுக்கு ஒரு நாள் வாங்க சம்மந்தி,” என்றார். “இந்த ட்யூப்பையும் கொண்டாங்க.”

ஒரே ஒரு இடம்தான் கெட்டுப்போயிற்று. வடக்கு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், நீளம் தாண்டும் குழிக்கென்று வந்த ஒரு லோடு மணலை யாரோ தவறிக் கொட்டிவிட்டார்கள். அள்ளியது போக மிச்சம் அங்கேயே கிடந்து, வண்டலோடு கலந்து, ஒரு திட்டாக நின்றுவிட்டது. இரண்டு கட்டில் போடலாம், அவ்வளவு இடம். சம்பந்தி அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு சீவிக்கொள்ளலாம் என்று விட்டோம்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் வரப்பு போட்டார். மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும், அரை முழ உயரத்துக்கு, மண்வெட்டியின் முதுகால் மெழுகி மெழுகி. அவ்வளவு அழகான வரப்பு. டீச்சர் மட்டும் கேட்டாள்:

“இது எதுக்குய்யா?”

“தண்ணி நிக்க வேணாமா தாயி?”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தாளாளரும் கேட்கவில்லை, வேடிக்கை பார்த்த பெற்றோர்களில் ஒருவரும் கேட்கவில்லை. வாய்க்காலில் எப்போது முறைத் தண்ணீர் விடுவார்கள் என்று வானத்தையும் பேப்பரையும் பார்த்து வாழ்ந்த ஜனங்கள் நாங்கள். நகரத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆனாலும், குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி வைப்பது நல்லது என்பதைப் பற்றி இங்கே யாருக்கு இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியும்?

புல் என்றால் அருகம்புல்தான். இந்த வெயிலுக்கும் மிதிக்கும் தாங்குவது அது ஒன்றுதான் என்று டீச்சர் விசாரித்து வைத்திருந்தாள். சம்பந்தி இதைக் கேட்டுத் தன் கையை விரித்துக் காட்டினார்.

“வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து வயல்ல அருகைப் பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்ச கை சம்மந்தி இது. எங்கப்பா இருந்தா என்னைய வரப்பிலயே கட்டி வச்சு அடிப்பாரு.”

ஆனாலும் கொண்டுவந்தார். வாய்க்கால் கரைகளிலிருந்து வெட்டியெடுத்த அருகு, அறுபத்து மூன்று சாக்கு. நடுவதற்கு அவருடைய ஊரிலிருந்தே பதினோரு பெண்கள் வந்தார்கள், வழக்கமாக நாற்று நடுகிறவர்கள். கணு கணுவாக வெட்டிய கொடியை விரலால் சேற்றில் அழுத்திக்கொண்டே பின்னால் நகர்ந்து போனார்கள். நடுவில் ஒரு அம்மா நிமிர்ந்து சம்பந்தியைக் கேட்டாள்:

“ஏண்ணே, இது எத்தனை மாசத்துல அறுப்பு?”

“இதுக்கு அறுப்பே கிடையாது.”

“பின்ன?”

“பிள்ளைக மேல ஏறி மிதிக்கப் போறாக.”

பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். “மிதிக்கிறதுக்கா இம்புட்டுப் பதனமா நட்டுட்டு இருக்கோம்! மதுரைக்காரவுகளுக்கு வேற சோலியே இல்லையா?” என்றாள் இன்னொருத்தி. அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரை வரிசையில் அங்கங்கே வெடித்துக்கொண்டிருந்தது.

புல் பிடித்தது. கோரையும் கூடவே பிடித்தது. அது வண்டலோடு வந்த விருந்தாளி. மேலே கிள்ளினால் போகாது, கீழே இருக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். டீச்சர் தினமும் பயிற்சி நேரத்தில் பாதியைக் கோரைக்கு ஒதுக்கினாள். பதினெட்டுப் பேரும் வரிசையாகக் குந்தியபடி நகர்வார்கள். தோண்டிய கிழங்கை என்னிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள், நான் எண்ணிச் சொல்லுவேன். யாருக்கு அதிகம் என்பதில் அவர்களுக்குள் சண்டை. “மிஸ், இவ கல்லையும் சேர்த்துக் குடுக்குறா மிஸ்!” என்ற குரல் அடிக்கடி கேட்கும். கல்லைக் கிழங்கென்று என்னிடம் தள்ள முடியுமா? ஒதுக்கி வைத்துவிடுவேன்.

புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய படச்சட்டம் ஒன்றிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறும் சட்டத்தை மைதானத்தில் எங்காவது வீசுவேன். விழுந்த இடத்தில், சட்டத்துக்குள் எத்தனை பச்சை முளை என்று எண்ணுவேன். ஆடிக் கடைசியில் சட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இருந்தது. ஆவணியில் முப்பதைத் தாண்டியது.

அந்த நேரத்தில்தான் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. அன்று காலை பின்பக்கம் சத்தம் கேட்டு மாடியிலிருந்து பார்த்தால், மைதானத்துக்குள் இருபத்தாறு பேர். கையில் பூக்கூடை, பிளாஸ்டிக் கவர். குனிந்து அருகம்புல் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கள் தெருக் கோயில் குருக்களும் ஒருவர். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

“என்னங்க இது! நட்ட புல்லுங்க!”

“பிள்ளையாருக்குத்தான் ஓய்,” என்றார் குருக்கள், நிமிராமலே. “எத்தனை வருஷமா கடையில வாடின புல்லை வாங்கிச் சாத்திண்டிருக்கேன். நம்ம வீட்டு வாசல்ல இப்படிப் பச்சைப் பசேல்னு இருக்கறப்போ...”

டீச்சர் வந்தாள். எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டிருந்தபோது, அவள் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் குருக்களிடம் கொடுத்தாள். “பிடுங்காம நுனியை மட்டும் வெட்டிக்கிருங்க சாமி. எப்படியும் இந்த வாரம் வெட்டி விடணும், வெட்டுனாத்தான் பக்கவாட்டுல படரும்.” எல்லோரும் மாற்றி மாற்றி வாங்கிக் கத்தரித்தார்கள். பத்து நாளில் சட்டத்துக்கு நாற்பத்தைந்து. பிள்ளையார் கைவிடவில்லை என்று என் மனைவி சொன்னாள். கத்தரித்ததால்தான் என்று நான் சொன்னேன்.

புரட்டாசியில் மைதானம் பச்சைக் கம்பளமாக இருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் விரலால் இழுத்தால் கோடு விழவில்லை. தாளாளர் வந்து பார்த்துவிட்டு, “பரவாயில்லையே,” என்று சொன்னதாகக் கேள்வி. டீச்சர் அன்று முதல் முறையாகப் பெண்களை வெறுங்காலோடு உள்ளே விட்டாள். பந்து இல்லை, சும்மா ஓட மட்டும்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மைதானம் இல்லை. இருந்த இடத்தில் ஒரு கண்மாய் இருந்தது. நாலு பக்கம் வரப்பு, நடுவில் வானம். பதினாலு கொக்குகள் நின்றுகொண்டிருந்தன.

சம்பந்திக்குப் போன் போட்டேன்.

“தண்ணி நிக்கிதா சம்மந்தி?” என்றார் எடுத்தவுடன்.

“நிக்கிது.”

“எம்புட்டு?”

“கணுக்கால் முங்கும்.”

“எல்லாப் பக்கமும் ஒண்ணு போலயா?”

“ஒண்ணு போலத்தான்.”

“அப்ப நம்ம மட்டம் சரியா இருக்கு!” என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து குச்சிகள் வீண்போகவில்லை. இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று நினைத்தேன். வடியவில்லை. அடித்து மெழுகிய வண்டல், தண்ணீரைக் கீழே விடவில்லை. வரப்பு, வெளியே விடவில்லை. மேலே வெயில் அடித்து உறிஞ்சினால்தான் உண்டு. வெயிலுக்கு முன்னால் அடுத்த மழை வந்துவிடும். தவளைகள் வந்தன. ஒரு வாடை வந்தது. மழை விட்டு ஒருவழியாகத் தண்ணீர் சுண்டியபோது, கீழே இருந்த புல் வெந்த கீரை போல மஞ்சளாகப் படுத்திருந்தது. கால் வைத்தால் ஷூ உள்ளே போய் வெறுங்கால் வெளியே வந்தது. தாளாளர் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் ஒரு ஆள் டேப் பிடித்து அளக்க வந்தான். கல் பதிக்கிறவன்.

அன்று சாயங்காலம் டீச்சர் விசிலைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு வரப்பின் மேல் நின்றிருந்தாள். பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“ஏதாவது சொல்லுங்க சார்,” என்றாள்.

எனக்கு எண்ணத்தான் தெரியும். சட்டத்தை வீசினேன். ஆறு. இன்னொரு பக்கம் வீசினேன். ஒன்பது. நடுவில் நாலு. சேற்றில் நடக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரப்போடு போய், வடக்கு கோலுக்குப் பக்கத்தில் வீசினேன். எண்ணிக்கொண்டே போனேன், முடியவில்லை. எழுபத்தொன்று. எங்கோ தப்பு என்று மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்றேதான். நாங்கள் சீவாமல் விட்ட அந்த மணல் திட்டு அது.

டீச்சரைக் கூப்பிட்டேன். வந்தாள், ஷூவைக் கழற்றினாள், திட்டின் மேல் ஏறிக் குதித்தாள். கால் உள்ளே போகவில்லை. இரண்டாம் தடவை இன்னும் பலமாகக் குதித்தாள். பிறகு குனிந்து விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள்.

“சார், இங்க மட்டும் தண்ணி கீழ இறங்கியிருக்கு,” என்றாள். எழுந்து மைதானத்தின் நடுப்பக்கம் பார்த்தாள். “நான் காலேஜ் படிக்கையில வெளியூர்ல ஒரு நல்ல மைதானத்துல ஆடியிருக்கேன். நடுவுல நின்னு பார்த்தா கோல் கம்பத்தோட அடி கொஞ்சம் கீழ இருக்கிற மாதிரித் தெரியும். என் கண்ணுல கோளாறுன்னு நெனைச்சேன்.”

அன்றே அந்த மைதானத்தைப் பராமரிக்கிறவரைத் தேடிப்பிடித்துப் போனில் பேசினாள். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: புல்லுக்கு மட்டமான தரை ஆகாது. நடு உயர்ந்து, நாலு பக்கமும் சரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அடியில் மணல் வேண்டும். விழுந்த தண்ணீர் நிற்கவே கூடாது. இப்போது முழுதும் மாற்ற நேரமில்லை. குறுக்கே குறுகலாகப் பள்ளம் வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, மேலே கொஞ்சம் கொஞ்சமாக மணல் தூவி, நடுவை உயர்த்திக்கொண்டு வந்தால் பிழைக்கும்.

சம்பந்தியிடம் இதை யார் சொல்வது? போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நேரில் வரச் சொன்னேன். வரப்பின் மேல் மூன்று பேரும் நின்றோம். டீச்சர் சொல்லி முடிக்கும்வரை அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தண்ணிய வெட்டி வெளிய விடணுங்கிறீக.”

“ஆமாய்யா.”

“ரோட்டுக்கா?”

“சாக்கடைக்குத்தான் போகும்.”

“மழைத் தண்ணிய! சாக்கடைக்கு!” அவர் முகம் என்னைப் பார்த்துத் திரும்பியது. “சம்மந்தி, நீங்க படிச்சவுக. நீங்களாவது சொல்லுங்க. ஒரு மடை தண்ணிக்காக எங்க ஊருல மண்டை உடைஞ்சவன் எத்தனை பேருங்கிறீக?”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே உறுத்தல்தான் இருந்தது. அதனால்தான் அவர் வருவதற்கு முந்தின நாளே நான் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்து வைத்திருந்தேன். தென்கிழக்கு மூலையில் ஒரு பழைய கிணறு உண்டு, மேலே இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கும். கயிறு கட்டிக் கல்லை இறக்கிப் பார்த்தேன்; முப்பத்திரண்டு அடி வரை காய்ந்துதான் கிடந்தது. மைதானம் மொத்தத்துக்கும் வடிகால் அந்த மூலைக்கே இழுக்கலாம். அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். கம்பி வழியாக ரொம்ப நேரம் எட்டிப் பார்த்தார்.

“கிணத்துக்குப் போகுதுன்னா சரி,” என்றார் கடைசியில். “இதை மொதல்லயே சொல்லக் கூடாது? என்னைய ஒரு நிமிஷத்துல பாவம் பண்ண வச்சிருப்பீக.”

மண்வெட்டியை டீச்சர் எடுத்தாள். அவர் அவள் கையிலிருந்து அதை வாங்கினார். “குடு தாயி. போட்டவன் நான்.” மூலையில் வரப்பை முதல் வெட்டு வெட்டியபோது, அவர் ஒரு கணம் கண்ணை மூடியதைப் பார்த்தேன். முந்தின இரவு மழையில் மறுபடி தேங்கியிருந்த தண்ணீர் திறப்பைக் கண்டுபிடித்து, மெல்லத் தலையை நீட்டி, பிறகு ஓட ஆரம்பித்தது. நாலு பக்க வரப்பையும் அன்றே கலைத்தோம்.

கார்த்திகை மாதம் முழுக்க வேலை. அகலவாக்கில் ஒன்பது பள்ளம், ஒரு சாண் அகலம், இரண்டு சாண் ஆழம், எல்லாம் கிழக்கே போய் ஒரு பெரிய பள்ளத்தில் சேர்ந்து கிணற்றுக்குப் போகும். அடியில் ஜல்லி, மேலே எம்-சாண்ட் மணல். சம்பந்தி ஊரிலிருந்து ஆட்களோடு வந்து, எங்கள் வீட்டிலேயே தங்கி, காலையில் என் மனைவி போடும் காபியில் குறை சொல்லிக்கொண்டே, பள்ளத்தின் சரிவைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். தண்ணீரை நிறுத்தத் தெரிந்தவருக்கு ஓட்டவும் தெரிந்திருந்தது. நான் அதே ட்யூப்பால், இந்தத் தடவை மட்டத்துக்குப் பதிலாகச் சரிவைப் பார்த்தேன்.

பிறகு மணல் தூவுதல். ஒரே நாளில் கொட்டினால் புல் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். வாரம் ஒரு முறை, சோற்றில் நெய் விடுவது போல, நடுவில் சற்று அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் தூவ வேண்டும். தூவியதும் பதினெட்டுப் பெண்களும் விளக்குமாற்றோடு வரிசையாக நின்று பெருக்கிவிடுவார்கள், புல் நுனி மணலுக்கு மேலே தலை காட்டும்வரை. செத்த இடங்களில் அந்த மணல் திட்டிலிருந்து வெட்டியெடுத்த புல்லையே நட்டோம். சட்டத்துக்குள் பதினெட்டு. இருபத்தேழு. மார்கழிப் பனியில் அது நகரவே இல்லை. பத்து நாள் இருபத்தேழிலேயே நின்றது. நான் தூக்கம் கெட்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு முப்பத்தைந்து. நாற்பத்தெட்டு. தாளாளர் வந்தார். “இன்னும் திட்டுத் திட்டா மஞ்சளாத்தானேம்மா இருக்கு,” என்றார். “பொங்கல் வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க சார்,” என்றாள் அவள். அவர் கல் பதிக்கிறவனை அனுப்பவில்லை. ஆனால் வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பொங்கலன்று பார்த்தபோது அறுபத்து மூன்று.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம், தை மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. நான் மாடியில் குடையோடு நின்றேன். சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து வெள்ளையாக ஓடுவது தெரிந்தது. டீச்சரின் போன் வந்தது.

“சார், நிக்கிதா?”

“தெரியலம்மா. மழையில நிக்கிதா ஓடுதான்னு தெரியல.”

“பார்த்துச் சொல்லுங்க சார். என்னால வந்து பார்க்க முடியாது.”

காலையில் போட்டி நடத்துகிறவர் ஒருவர் மைதானத்தைப் பார்த்து முடிவு சொல்ல வந்தார். சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்துவிட்டிருந்தார். எங்கள் மூன்று பேரையும் மைதானத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, முடிவு சொல்ல வந்தவர் மட்டும் உள்ளே நடந்தார். குதிகாலால் அழுத்தினார். பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போட்டார், அது எழும்பியது. உருட்டினார், உருண்டு போய் நின்றது, தண்ணீர் தெறிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் கிணற்றில் மட்டும் இன்னும் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்தார்.

“கோடு மட்டும் மறுபடி போட்டிருங்கம்மா. பத்து மணிக்கு ஆரம்பிச்சிரலாம்.”

சம்பந்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விடவில்லை. டீச்சர் சுண்ணாம்புப் பையை எடுக்க ஓடினாள்.

எங்கள் பெண்கள் முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். இரண்டாவதில் ஒரு கோலில் தோற்றார்கள். எனக்கு ஆட்டத்தின் சட்டங்கள் தெரியாது. பார்த்தவரை இருபத்து மூன்று தடவை அவர்கள் விழுந்தார்கள், இருபத்து மூன்று தடவையும் எழுந்து ஓடினார்கள். யாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை.

பரிசு கொடுத்து முடிந்த பிறகு தாளாளர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார்.

“வேனுக்கெல்லாம் அந்தப் பின்தெருவுல ஒரு காலி இடம் பேசிட்டேன்,” என்றார், போகிற போக்கில் சொல்வது போல. “இது இருக்கட்டும்.”

டீச்சர் தலையை ஆட்டினாள். அவர் போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோல் முன்னால் புல் பெயர்ந்து, மைதானம் முழுக்க ஷூ கிழித்த காயங்கள். பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு வாளி மணலோடு வந்திருந்தார்கள். என் கையிலும் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து, மணல் போட்டு, காலால் அழுத்திக்கொண்டு வரிசையாக நகர்ந்தோம். கேட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். செல்லூரிலிருந்து வருவதாகச் சொன்னாள், நேற்று ஆட்டம் பார்த்தவளாம். அவளுக்குப் பின்னால் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி.

“ஜூன்ல இவளை இந்தப் பள்ளிக்கூடத்துலதான் சேக்கப் போறோம் டீச்சர். அதுக்கு முன்னாடியே பந்து ஆட அனுப்பலாமா? நாளைக்கே வரச் சொல்லட்டுமா?”

டீச்சர் நிமிர்ந்து, சேற்றுக் கையைப் பின்னால் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு வேண்டாம்க்கா. புல்லு கொஞ்ச நாள் படுத்துக் கிடக்கட்டும். மாசி பொறந்ததும் அனுப்புங்க.”